முதுகின்மேல் ஒரு பௌதிகப் பாடம்

1950-களில் அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்போர் பழகிய இரட்டைக் குழாய்ச் சுவாசக் கருவியைப் பழைய இரும்பு என்று ஒதுக்குவது சரியல்ல.

அதன் மூலக் கருவியை 1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் பொறியாளர் கான்யானும் உருவாக்கினர். முதுகுப்புறப் பெட்டியில் ஒரு ரப்பர் சவ்வு. அதன் வெளிப்புறம் நீர், உட்புறம் காற்று. மூச்சை இழுத்தால் சவ்வு உள்வாங்கி வால்வைத் திறக்கும். வெளிவிடும் காற்றோ இன்னொரு குழாய் வழியே அதே பெட்டிக்குத் திரும்பும். ஏன் இந்தச் சுற்றுவழி? மார்ன் ஆற்றில் நடந்த முதல் சோதனையில் வெளியேற்றும் வால்வு வேறு மட்டத்தில் இருந்தது. கூஸ்தோ நிமிர்ந்தால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானால் மூச்சு முட்டியது. இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்ததும் கோளாறு தீர்ந்தது. 30 செ.மீ. நீரின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 3 சதவீதமே. மூச்சைத் திணறடிக்க அது போதும்!

குழாயில் நீர் புகுந்தால், வெளியேற்றும் குழாய்ப் பக்கம் புரண்டு ஊதித் தள்ள வேண்டும். பயிற்சி பெறுபவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. நமக்கோ இரண்டு மதிப்பெண் கேள்வி.

சவ்வு வாயருகே அமைந்த ஒற்றைக் குழாய்க் கருவி எளிது; அது வென்றது நியாயமே. ஆனால் திரவ அழுத்தப் பாடத்தில் வழக்கமான துளையிட்ட டப்பாவுக்குப் பக்கத்தில் இப்பழைய கருவியின் குறுக்குவெட்டுப் படமும் இடம்பெற வேண்டும் என்பேன்.