டேபிள் ரோஸைப் பிடுங்காதீங்க!

வராந்தாவில் தொங்கும் டேபிள் ரோஸ் (அதாங்க, பத்து மணிப் பூ) பூக்கவே இல்லையாம். பொங்கல் லீவுக்கு முன்னால் பிடுங்கிவிடப் போகிறார்களாம். பழி முழுக்க எங்கள் மேல், அதாவது தண்ணீர் ஊற்றும் முறைக்காரர்கள் மேல். "ஒழுங்கா ஊத்துனீங்களா?" என்று கேட்கிறார்கள். ஊத்துனதுதாங்க தப்பு!

இந்தச் செடிக்குச் சொந்த ஊர் தென் அமெரிக்கா. பிரேசில், அர்ஜென்டினா பக்கம் காய்ந்த மணலில் படர்ந்து கிடக்கும். நம்ம பருப்புக்கீரைக்குச் சொந்தக்காரச் செடி. இலையைக் கிள்ளிப் பாருங்கள், நீர் கசியும். தனக்கு வேண்டிய தண்ணீரை அதுவே சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதற்குப் போய் தினமும் இரண்டு வேளை ஊற்றினால் வேர் அழுகாமல் என்ன செய்யும்?

அதைவிடப் பெரிய தப்பு நிழல். வெயில் பட்டால்தான் இந்தப் பூ விரியும். மேகம் மூடினாலே சுருங்கிவிடும். நம் வராந்தாவில் வெயில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சைக்கிள் ஸ்டாண்டு சுவரிலோ நாள் பூரா வெயில் காயுது. தொட்டிகளை அங்கே மாட்டி, மண் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றிப் பார்க்கலாமே?

விருந்தினர் வந்தால் வராந்தாதான் கண்ணில் படும் என்கிறார்கள். சரி, அங்கே மணி பிளான்ட் தொங்கட்டும். அதற்கு நிழல் போதும்.

பிடுங்கித்தான் ஆகணும் என்றால் குப்பையில் மட்டும் போடாதீங்க. விரல் நீளத் தண்டை ஒடித்து மண்ணில் செருகினாலே வேர் விட்டுவிடும். எங்களிடம் கொடுங்கள், பழைய பேப்பரில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போகிறோம்.