விருந்தாளிக்குக் கொழும்பைக் காட்டத் தெரியாத கொழும்புப் பிள்ளைகள்

கொஞ்சம் நீளமான பதிவு, கோபமும் இருக்கு. மாளிகாவத்தைப் பெற்றோர் பொறுமையாக வாசிங்க.

லீவுக்குக் காத்தான்குடியிலிருந்து சொந்தக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கொழும்பைப் பார்க்கணுமாம். வழக்கமாக நாம் என்ன செய்வோம்? ஃபோனில் கார் பிடிப்போம். தாமரைக் கோபுரம், காலிமுகத்திடல், ஒரு மோல், இரவைக்குக் கொத்து. கொழும்பு முடிஞ்சுது.

இந்த முறை பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கும் என் மாணவியை, அவள் உம்மாவிடம் கேட்டுக் கூட்டிக்கொண்டேன். "நீதான் இவங்களுக்கு வழிகாட்டி" என்றேன். மருதானை ஸ்டேஷனுக்கு நடந்து போய் கோச்சி ஏறினோம். கோட்டை, கொம்பனித்தெரு தாண்டி, கொள்ளுப்பிட்டியில் வலப்பக்கம் கடல் வந்தது. "வெள்ளவத்தைக்கு இன்னும் எத்தனை ஸ்டேஷன்?" என்று வந்த பிள்ளை கேட்டது. நம்ம வழிகாட்டி என் முகத்தைப் பார்த்தாள். கோச்சிச் சத்தத்தில் தூங்கி எழும்புற பிள்ளை; கரையோரப் பாதையில் அன்றுதான் முதல் பயணம்.

சிரிக்க வேண்டாம். போன வருஷம் இன்னொரு பிள்ளைக்கு வெள்ளவத்தையில் நல்ல பாடநெறி ஒன்று கிடைத்தது. "தினமும் யார் கூட்டிப் போறது?" என்றார் வாப்பா. ஆட்டோவுக்குக் கட்டாது. பிள்ளை இப்போது வீட்டில். வழி இருந்தது. காட்டத்தான் ஆள் இல்லை.

பஸ் பாதுகாப்பில்லை என்பீர்கள். உண்மைதான். இந்த நாட்டில் 90 வீதமான பெண்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ தொந்தரவுக்கு ஆளானதாக ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வு சொன்னது. 90 வீதம் என்றால் எல்லா இனப் பெண்களும்தான். அவர்களின் உம்மாமாருக்குப் பயமில்லையா? எங்கே நிற்பது, எப்படிச் சத்தம் போடுவது, 1938க்கு எப்படி அழைப்பது என்று பெண்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்க. கையை ஒழுங்காக வைத்துக்கொள்ள ஆண்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்க. இரண்டாவதை நாம் செய்வதே இல்லை.

2019 ஏப்ரலுக்குப் பிறகு எப்படிப் பார்த்தார்கள் என்பீர்கள். எனக்குத் தெரியும், நானும் அபாயா போட்டுத்தான் பஸ் ஏறினேன். பக்கத்து சீட் காலியாகவே வந்த நாட்கள் உண்டு. ஆனால் நாம் இறங்கிப் போனதால் யாருடைய சந்தேகம் தீர்ந்தது? தினமும் காணும் முகத்துக்குத்தான் பயம் விடும்.

இந்த ஊர்க்காரர் இப்படி இருந்தவர்களா? 1960 வரை கொழும்பில் ட்ராம் ஓடியது. மருதானை வழியாகப் பொரளைக்குப் போனது. நம் மூத்தவர்கள் அதில் தொங்கிக்கொண்டு போனவர்கள். நாமோ ஸ்கூல் வேனுக்கு வெளியே ஊரைத் தெரியாத பிள்ளைகளை வளர்க்கிறோம்.

அன்றைய மிச்சக் கதை: திரும்பும்போது 100ஆம் இலக்க பஸ். போர்டில் தமிழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலக்கம் எல்லாருக்கும் ஒன்றுதானே. என் மாணவிதான் கை காட்டி மறித்தாள், அவள்தான் டிக்கட் எடுத்தாள், மிச்சக்காசு கேட்டு வாங்கினாள். புறக்கோட்டையில் "பஹினவா!" என்று கத்தி எங்களை இறக்கியதும் அவள்தான். சம்மாங்கோட்டுப் பள்ளிக்கு எங்களுக்கு முன்னால் நடந்தாள். ஒரே ஒரு நாள்தான் தேவைப்பட்டது.

அடுத்த லீவுக்கு விருந்தாளி வந்தால் கார் பிடிக்காதீங்க. உங்க பிள்ளையிடம் பஸ் காசைக் கொடுத்து, "நீ கூட்டிப் போ" என்று சொல்லுங்க. முதல் தடவை பயமாக இருந்தால் சொல்லுங்க, நானும் வாறேன்.