ஒலிவாங்கி ஒன்று போதும்!

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

‘ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்’ என்பார்கள் நம் பெரியோர். தேர் ஒன்றுதான், இழுக்கும் கைகளோ நூறு. பாட்டை ஒலிப்பதிவு செய்வதும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

நம் இசை ஆசிரியையான அருட்சகோதரி இவ்வாண்டுடன் ஓய்வு பெறுகிறார். அவர் மெட்டமைத்த பன்னிரண்டு பாடல்களுக்குச் சுரக்குறிப்பு எதுவும் இல்லை. அக்காமார் பாட, தங்கைமார் கேட்டுக் கற்ற பாடல்கள் அவை. ஆகவே அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமையில், காலை முதல் மாலைக்குள், அனைத்தையும் பதிவு செய்யப் போகிறோம். பாடுவோர் 36 பேர். ஆர்மோனியம், வயலின், மிருதங்கம் உண்டு. தனிக்குரல் பாடலும் உண்டு. கையில் இருக்கும் தொகையோ சிறியது. அதில் மலிவான மைக் நான்கு வாங்குவதா, நல்ல மைக் ஒன்று வாங்குவதா? இதுதான் கேள்வி.

வகுப்பில் பெரும்பாலோர் ‘நான்கு’ என்றார்கள். நானும் முதலில் அதற்கே கை தூக்கினேன். பிறகுதான் சென்ற ஆண்டு விழாவின் பதிவு நினைவுக்கு வந்தது. அன்று மேடையில் நான்கு மைக்குகள் இருந்தன. அவற்றின் நேர் எதிரே நின்ற நால்வரின் குரல் மட்டுமே பதிவில் கேட்டது. அந்த நால்வரில் நானும் ஒருத்தி. வீட்டில் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். பின்வரிசையில் நின்ற என் தோழியிடமோ அவள் அம்மா, “நீ பாடினாயா, இல்லை வாயை மட்டும் அசைத்தாயா?” என்று கேட்டார்களாம். அவள் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் இதைச் சொன்னாள். ஆனால் மறுவாரமே பாடகர் குழுவிலிருந்து விலகிக்கொண்டாள்.

இது மைக்கின் குற்றமா? அறிவியல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகும். ஒரே குரல் நான்கு மைக்குகளை நான்கு வெவ்வேறு கணங்களில் அடைகிறது. அவற்றை ஒன்றாகக் கலக்கும்போது சில அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். குரல் மெலிந்து, குடத்துக்குள் பேசுவது போல் ஆகிவிடும். ஒரே மைக்கில் இந்தச் சண்டைக்கு இடமில்லை.

அப்படியானால் எந்த மைக்? 1965-இல் வந்த ஷூர் எஸ்.எம். 57 போன்ற டைனமிக் வகை மைக்குகள் உறுதியானவை, விலையும் குறைவு. ஆனால் அவை அருகில் எழும் ஒலிக்கே ஏற்றவை. தொலைவில் மெல்லப் பாடும் குரலை அவை சரிவர வாங்குவதில்லை. கண்டென்சர் வகையோ மெல்லிய சவ்வு கொண்டது. மூச்சு விடும் ஓசையைக்கூட வாங்கிக்கொள்ளும். 1967-இல் வந்த நியூமன் யு 87 என்னும் மைக்கில் மூன்று நிலைகள் உண்டு: முன்பக்கம் மட்டும் கேட்பது, முன்னும் பின்னும் கேட்பது, எல்லாப் பக்கமும் கேட்பது. அதன் விலை நமக்குக் கட்டாது. ஆனால் அதே மூன்று நிலைகளும் உள்ள, விலை குறைந்த மைக்குகள் இன்று கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றே நமக்குப் போதும். தனிக்குரலுக்கு முதல் நிலை. இரு வரிசையாக எதிரெதிரே நின்று பாட இரண்டாம் நிலை. வட்டமாக நின்று பாட மூன்றாம் நிலை. மிருதங்கம் ஓங்கி ஒலித்தால் அதைச் சற்றுத் தள்ளி வைத்தால் ஆயிற்று.

இது வெறும் கற்பனை அன்று. 1951-இல் அமெரிக்காவில் ரஃபேல் குபெலிக் நடத்திய சிகாகோ சிம்பொனி இசைக்குழுவை, அவர் தலைக்கு மேலே தொங்கவிட்ட ஒரே ஒரு நியூமன் யு 47 மைக்கைக் கொண்டு ராபர்ட் ஃபைன் என்ற பொறியாளர் பதிவு செய்தார். 1987 நவம்பர் 27 அன்று கனடாவின் டொராண்டோ நகரில், பரிசுத்த திரித்துவ ஆலயத்தில், கவ்பாய் ஜங்கீஸ் என்னும் குழுவினர் கால்ரெக் மைக் ஒன்றைச் சுற்றி அமர்ந்து ஓர் இசைத்தொகுப்பையே பதிவு செய்தனர். அந்த மைக்கின் உள்ளே நான்கு செவிகள் இருந்தன என்பதையும், பாடகியின் குரல் மெல்லியதாதலால் ஒலிபெருக்கி வழியே அதைக் கேட்கச் செய்தனர் என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனாலும் வைத்தது ஒரு மைக்தான்.

இதில் தொல்லையே இல்லையா? உண்டு. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்னழுத்தம் தரும் கருவி வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் பாட வேண்டும். தெருவில் பேருந்து ஒலி எழுப்பினால் அதுவும் பாட்டில் சேர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருத்தி தவறினால் அவள் குரலை மட்டும் பிறகு திருத்த முடியாது. 36 பேரும் மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும். “ஒரே நாளில் முடியுமா?” என்று தோழியர் கேட்பது நியாயமே. முடியும்; ஆனால் இன்று முதலே ஒத்திகை வேண்டும்.

இதைச் சகோதரியிடம் சொன்னேன். அவர் புன்னகை செய்து, “ஆளுக்கொரு மைக் கொடுத்தால் நீங்கள் உங்களை மட்டும்தான் கேட்பீர்கள், பிள்ளைகளே. ஒன்றை வைத்தால் பக்கத்தில் இருப்பவளையும் கேட்பீர்கள்” என்றார்.

ஒரே மைக் முன்னால் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் இருக்கும் வழி நம் கால்கள்தாம். தொலைவு இரு மடங்கானால் நேரே வரும் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகிவிடும் அல்லவா? மெல்லிய குரல் ஓரடி முன்னே வர வேண்டும்; பெரிய குரல் இரண்டடி பின்னே போக வேண்டும். முன்னே வருவது எளிது. பின்னே போகத்தான் மனம் வேண்டும்.

விலகிப் போன என் தோழியைத் திரும்பி வரும்படி அழைத்திருக்கிறேன். “யோசிக்கிறேன்” என்றாள். அவள் நிற்க முன்வரிசையில் இடம் வேண்டும். இரண்டடி பின்னே போக நான் தயார். என் அருமைத் தோழியரே, நீங்கள்?