நாற்பத்தேழு ஆண்டுகள் நீடித்த ‘தற்காலிக’ வேலை

பிரெஞ்சு மக்களின் அன்றாடப் பேச்சில் ‘கணக்குச் சரி’ என்று பொருள்படும் ஒரு தொடர் அடிக்கடி வரும். அதை வீடுதோறும் பரப்பியதில் ஒரு தொலைக்காட்சிப் போட்டிக்குப் பெரும் பங்குண்டு. அர்மான் ழமோ என்பவர் 1965-இல் ‘மிக நீண்ட சொல்’ என்ற பெயரில் தொடங்கிய அந்தப் போட்டியில் 1972-இல் எண்களும் சேர்ந்தன. அதன் பிறகு ‘எண்களும் எழுத்துகளும்’ என்ற பொருள் தரும் பெயரோடு பொதுத்துறைத் தொலைக்காட்சியில் அது அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. 1982 நவம்பர் 2 அன்று பிரிட்டனில் சேனல் 4 ஒளிபரப்பைத் தொடங்கியபோது அது காட்டிய முதல் நிகழ்ச்சியான ‘கவுண்ட்டவுன்’, இந்தப் பிரெஞ்சுப் போட்டியின் வழித்தோன்றலே. மூலம் 2024-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

விளையாட்டு எளிமையானது. கலந்து கிடக்கும் எழுத்துகளிலிருந்து மிக நீளமான சொல்லை உருவாக்க வேண்டும். அடுத்து ஆறு எண்களும் மூன்றிலக்க இலக்கு ஒன்றும் தரப்படும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டுமே கருவி. நேரம் 45 விநாடி. எடுத்துக்காட்டாக 100, 25, 9, 7, 4, 2 என்ற எண்கள் கிடைத்து, இலக்கு 743 என்று வைத்துக்கொள்வோம். நூறை ஏழால் பெருக்கினால் 700. ஒன்பதை இரண்டால் பெருக்கி இருபத்தைந்தைக் கூட்டினால் 43. கணக்குச் சரி. நான்கைத் தொடவே வேண்டியதில்லை. நாம் தாளில் எழுதிப் பார்த்துச் செய்வதை அந்தப் போட்டியின் வாகையர் மனக்கணக்கில் முடித்துவிடுவர். ஓய்வூதியர், ஆசிரியர், மாணவர், அஞ்சல் ஊழியர் என எவரும் வாகையராகலாம். கோடிகளை வெல்லும் வாய்ப்பு அதில் இல்லை. பிரிட்டனின் போட்டியில் வென்றவருக்குத் தேநீர்க் குடுவை ஒன்றைப் பரிசாகத் தருவார்கள்!

2000-ஆம் ஆண்டு ஜூலையில் இந்தியத் தொலைக்காட்சிக்கு வந்த ‘கோடீஸ்வரர்’ போட்டியோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே அறிவு என்பது குலுக்கல் சீட்டின் மறுவடிவம். கேள்விக்கும் விடைக்கும் இடையே பணத்தொகையைக் காட்டிக்காட்டிப் பதற்றத்தை ஏற்றுவதே அதன் தொழில்நுட்பம். இங்கோ பார்ப்பவரும் போட்டியாளரும் ஒரே நேரத்தில் ஒரே கணக்கைப் போடுகிறார்கள். வீட்டில் இருப்பவர் சில நாள்களில் வாகையரையே முந்திவிடுவார். பொது ஒளிபரப்பு இருந்தால் மட்டுமே இத்தகைய நிகழ்ச்சி ஐம்பது ஆண்டு நிலைக்கும் என்பது என் கருத்து.

ஆனால் இக்கட்டுரையின் பொருள் அந்த நிகழ்ச்சியின் சுவை அன்று. அதில் வாகையராக வந்து, பின் அதிலேயே ஊழியரான ஒருவரின் வேலை பற்றியது.

பெர்த்ரான் ரெனார் 1970-களின் முற்பாதியில் இளைஞராக அந்தப் போட்டியில் கலந்துகொண்டு தொடர் வெற்றிகளால் பெயர் பெற்றவர். 1975-இல் நிகழ்ச்சிக் குழுவில் சேர்ந்தார். எண்கள் பகுதியின் நடுவர் அவரே. போட்டியாளரின் கணக்கைச் சரிபார்ப்பதும், இருவருமே இலக்கை எட்டாதபோது வழியைக் கண்டு சொல்வதும் அவர் பணி. சொற்கள் பகுதியின் நடுவராக அரியேல் பூலென்-ப்ரா 1986-இல் வந்தார். 2022 வரை இருவரும் அங்கேயே இருந்தனர். ஒருவர் 47 ஆண்டு, மற்றவர் 36 ஆண்டு. தலைமுறைகள் மாறின, தொகுப்பாளர்கள் மாறினர், அலைவரிசையும் மாறியது. இவர்கள் மாறவில்லை.

இத்தனை ஆண்டுகளும் அவர்கள் நிரந்தர ஊழியர்கள் அல்லர் என்பதுதான் செய்தி. அடுத்தடுத்துப் போடப்பட்ட குறுகியகால ஒப்பந்தங்களில் வேலை செய்தனர். பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டத்தில் நிரந்தர வேலையே விதி, குறித்தகால வேலை விலக்கு. அந்த விலக்குக்கும் கால வரம்பு உண்டு. பொதுவாக 18 மாதம். புதுப்பித்தலுக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு. ஆனால் திரைப்படம், ஒளிபரப்பு, நாடகம் போன்ற துறைகளில் ‘வழக்காறு’ என்ற பெயரால் ஒரு தனி ஒப்பந்தத்தைச் சட்டம் அனுமதித்தது. நாடகம் ஒரு பருவத்தோடு முடியும், படப்பிடிப்பு மூன்று மாதத்தில் முடியும் என்பதால் வந்த ஏற்பாடு அது. இயல்பாகவே விட்டுவிட்டு நடக்கும் வேலைக்கு அது நியாயமானதே. ஆண்டு முழுதும், நாள்தோறும், அரை நூற்றாண்டு நடந்த வேலைக்கு அதைப் பொருத்தியதில்தான் சூது இருக்கிறது.

கலைத்துறைத் தொழிலாளர் இந்த நிலையற்ற வாழ்வுக்கு ஈடாகப் போராடிப் பெற்ற பாதுகாப்பு, தனி வேலையின்மைக் காப்பீடு. பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்திருந்தால், வேலையில்லாத நாள்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். 2003-இல் அதன் விதிகளைக் கடுமையாக்கியபோது கலைத்துறைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தால் உலகப் புகழ்பெற்ற அவிஞ்ஞோன் நாடக விழாவே ரத்தானது. 2021 மார்ச்சில் பாரிசின் ஒதேயோன் அரங்கை அவர்கள் ஆக்கிரமித்தனர். நாடெங்கும் பல அரங்குகள் அதைப் பின்பற்றின. எனினும் அந்தக் காப்பீட்டை முதலாளிகள் தமக்கான மானியமாக மாற்றிக்கொண்டதையும் தொழிற்சங்கங்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகின்றன. நிரந்தரமாகத் தேவைப்படும் ஊழியரைத் துண்டு துண்டாக அமர்த்திவிட்டு, இடைப்பட்ட நாள்களின் செலவைக் காப்பீட்டு நிதியின் தலையில் கட்டுவது எளிது அல்லவா? தனியார் நிறுவனம் மட்டுமன்று, பொதுத்துறை நிறுவனமும் அதைச் செய்தது.

2022-இல் நடந்தது இதுதான். வார நாள்களில் ஒளிபரப்பான நிகழ்ச்சியை வார இறுதிக்குச் சுருக்க நிர்வாகம் முடிவு செய்தது. புதிய ஏற்பாட்டில் தங்கள் வருமானம் பெருமளவு வெட்டப்படும் என்று இருவரும் கூறினர், ஏற்க மறுத்தனர், வெளியேற்றப்பட்டனர். நிரந்தர ஒப்பந்தத்தையே தந்தோம், அவர்கள்தான் மறுத்தார்கள் என்றது நிர்வாகம். இந்தப் பதிலைச் சற்று நின்று படிக்க வேண்டும். நிகழ்ச்சி முழு வீச்சில் ஓடிய பல பத்தாண்டுகள் தராத நிரந்தரத்தை, வேலை சுருங்கும் ஆண்டில் தருகிறார்கள்!

அதே ஆண்டு ஆகஸ்டில் மக்ரோன் அரசு தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தை ஒழித்தது. ஆண்டுக்கு 138 யூரோ மிச்சம் என்று மக்களிடம் அது விற்கப்பட்டது. பொது ஒளிபரப்பின் தனித்த வருவாய் போய், அரசின் ஒதுக்கீட்டை நோக்கிக் கையேந்தும் நிலை வந்தது. இதற்கு நீண்ட முன்கதை உண்டு. 1968 மே எழுச்சியில் அரசு ஒளிபரப்பு நிறுவனத்தின் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பின்னர் பத்திரிகையாளர் பலர் பழிவாங்கப்பட்டனர். 1974-இல் சட்டமியற்றி அந்த நிறுவனத்தை ஏழாக உடைத்தனர். உடைப்பு நடைமுறைக்கு வந்த 1975-இல்தான் ரெனார் பணியில் சேர்ந்தார். 1987-இல் முதல் அலைவரிசையான டிஎப்1-ஐ பூய்க் என்ற கட்டுமான நிறுவனத்திடம் ஒப்படைத்தனர். ஓர் ஊழியரின் பணிக்காலத்துக்குள் இவ்வளவும் அடங்கிவிட்டது.

தொலைக்காட்சியில் முகம் காட்டியவர், நாடறிந்தவர், அவருக்காகத் தொழிலாளி வர்க்கம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று தோழர் சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆலைத் தொழிலாளியின் வறுமையை இவர்களுக்கு ஏற்றிச் சொல்வது பொய்யாகும். ஆனால் நாடே அறிந்த முகத்துக்கு நாற்பத்தேழு ஆண்டில் கிடைக்காத நிரந்தரம், முகமே தெரியாத ஒளிப்பதிவு உதவியாளருக்கும் ஒப்பனைக் கலைஞருக்கும் எப்படிக் கிடைக்கும்? திரைக்குப் பின்னால் நிற்பவர் வெளியேற்றப்பட்டால் அது செய்தியாகக்கூட வராது.

நம் நாட்டில் அகில இந்திய வானொலியின் தற்காலிக அறிவிப்பாளர்கள் இந்த நிலையை நன்கறிவர். மாதத்துக்கு ஆறு முறைக்கு மிகாமல் பணி என்ற அளவோடு பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். குரலை ஊரே அறியும். ஊழியர் பட்டியலில் பெயர் இராது. பணி நிரந்தரம் கோரி நீதிமன்றம் சென்றவர்களை எல்லாத் துறைகளிலும் 2006-ஆம் ஆண்டின் உமாதேவி வழக்குத் தீர்ப்பு வழிமறித்தது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம், பல ஆண்டுகள் தொடர்ந்து நிரந்தரத் தன்மையுள்ள வேலையைச் செய்தவர்களுக்கு எதிராக உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது என்ற பொருளில் தீர்ப்பளித்தது. மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு, தோட்ட வேலைகள் செய்தோரின் வழக்கு அது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு.

ஆனால் நீதிமன்றம் ஒரு கையால் கொடுப்பதை நாடாளுமன்றப் பெரும்பான்மை மறு கையால் பறிக்கிறது. 2018-இல் விதித் திருத்தத்தின் மூலம் எல்லாத் தொழில்களுக்கும் விரிக்கப்பட்ட குறித்தகால வேலைமுறை, தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின் வழியாக 2025 நவம்பர் 21 முதல் சட்டமாகவே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஓராண்டு வேலை செய்தாலே பணிக்கொடை என்று அரசு அதைப் பெருமையாக விளம்பரப்படுத்துகிறது. எத்தனை ஆண்டுக்கு இப்படி அமர்த்தலாம், எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கு அத்தொகுப்பில் வரம்பே கிடையாது. எந்த வேலைக்கு இது பொருந்தாது என்றும் சொல்லப்படவில்லை. பிரான்சில் வரம்பு உண்டு, அதில் ஓர் ஓட்டையும் உண்டு. அந்த ஓட்டைக்குள் ஒருவர் 47 ஆண்டு வாழ்ந்தார். இங்கே சுவரே எழுப்பப்படவில்லை.

மாநிலங்கள் விதிகளை வகுக்கும் இந்தக் கட்டத்தில் நமது சங்கங்கள் நான்கு தொகுப்புகளையும் திரும்பப் பெறக் கோருவதோடு நின்றுவிடலாகாது. ஆலைவாரியாக, அலுவலகவாரியாகக் கணக்கெடுக்கத் தொடங்க வேண்டும். எந்த வேலை ஆண்டு முழுதும் நடக்கிறது, அதில் யார் எத்தனை ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருக்கிறார், ஒப்பந்தத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே எத்தனை நாள் வீட்டில் உட்கார வைக்கப்பட்டார் என்ற விவரங்கள் சங்க அலுவலகத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். ஜக்கோ வழக்கைக் காட்டி வாதாடப் போகும் வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது அந்தப் பதிவேட்டைத்தான்.