கோல்ஃப் குழியில் நமக்கு என்ன பங்கு?



கிரிக்கெட் என்றால் விடிய விடியப் பேசுவோம். கபடி என்றால் ஊரே திரளும். ஆனால் கோல்ஃப் என்று சொன்னால் போதும், "அது பணக்காரன் ஆட்டம்ப்பா, நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள். நான் பேச வந்தது அந்த ஆட்டத்தைச் சுற்றி ஓடும் பணத்தைப் பற்றி. அந்தப் பணத்தில் ஒரு டிப்ளமோக்காரனுக்கு என்ன பங்கு கிடைக்கும் என்பதைப் பற்றி.

ஆட்டம் ஒன்றும் பிரமாதமில்லை. நம்ம கிட்டிப்புள்ளுக்குத் தூரத்துச் சொந்தம். மட்டையால் பந்தை அடித்து அடித்து, 108 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழியில் தள்ள வேண்டும். இப்படி 18 குழி. குறைந்த அடியில் முடித்தவர் ஜெயித்தவர்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த விளையாட்டு இது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய மிகப் பழைய கோல்ஃப் கிளப் 1829-ல் கல்கத்தாவில்தான் ஆரம்பமானது. நமக்குப் பக்கத்தில், ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் போய்ச் சேரும் கொடைக்கானலில், 1895-லேயே கோல்ஃப் கிளப் வந்துவிட்டது. ஊட்டி, சென்னை, கோவையிலும் மைதானங்கள் உண்டு. இப்போது பெங்களூரு, குர்கான் பக்கம் வீட்டுமனை விற்பவர்களே "கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய வீடு" என்று விளம்பரம் செய்கிறார்கள். 112 வருடம் கழித்து 2016-ல் கோல்ஃப் மறுபடி ஒலிம்பிக்கில் நுழைந்தது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருப் பெண் அதிதி அசோக் நான்காவதாக வந்தார். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பதக்கம் போயிற்று! அன்று காலையில் கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள்.

சரி, ஆட்டம் வளர்கிறது. பலன் யாருக்கு?

முதலில் கேடிகளைப் பார்ப்போம். போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ ஒட்டியிருக்குமே, அந்தக் கேடி இல்லை! ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமந்து, எந்த மட்டையால் அடிக்கலாம் என்று யோசனையும் சொல்லும் தொழிலாளிக்கு அங்கே அந்தப் பெயர். பையைச் சுமந்த கைகளே மட்டையையும் பிடித்தன என்பதுதான் இந்திய கோல்ஃப் சரித்திரத்தின் அருமையான பக்கம். 1991-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரரான அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009-ல் அதே பட்டத்தை வென்ற முனியப்பா, பெங்களூரில் பை சுமந்தவர். 2016, 2017 என்று இரண்டு வருடம் தொடர்ந்து வென்ற சவ்ராசியாவின் அப்பா, கல்கத்தா மைதானத்தில் புல்தரையைப் பராமரித்த ஊழியர்.

கேட்கவே பெருமையாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஒரு முனியப்பா மேலே வந்தார் என்றால், வராத கேடிகள் எத்தனை பேர்? பெரும்பாலும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. மழை வந்தால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லையென்றால் கூலியும் இல்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் எட்டாக்கனி. "வேலைவாய்ப்பு பெருகும்" என்று சொல்பவர்களிடம், எந்த மாதிரி வேலை என்று நாம் கேட்டே ஆகவேண்டும்.

இனி நம்ம பங்குக்கு வருவோம். வெளியே பார்க்கத்தான் அது புல்வெளி. உள்ளே இருப்பதெல்லாம் நம் பாடப் புத்தகம். குழி இருக்கும் அந்தத் திட்டில் மேலே 30 சென்டிமீட்டர் மணல் கலவை, கீழே 10 சென்டிமீட்டர் சரளை, அதற்கும் கீழே வடிகால் குழாய். சிவில்காரர்களே, இது உங்கள் வேலை! புல்லை மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் ஒரே சீராக வெட்டும் இயந்திரத்தின் பிளேடைச் சாணை பிடித்து செட் செய்வது மெக்கானிக்கல்காரன் வேலை. தெளிப்பு நீர்ப் பம்பும் மோட்டார் கன்ட்ரோலும் எலக்ட்ரிக்கல்காரனுக்கு.

அதைவிடப் பெரிய வாய்ப்பு மட்டை தயாரிப்பில் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற கம்பெனிகளின் மட்டைத் தலைகளைத் தைவான்காரர்களின் வார்ப்பாலைகள் மெழுகு அச்சு முறையில் வார்த்துக் கொடுக்கின்றன. சீனாவிலும் வியட்நாமிலும் தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள். தைவானில் பிறந்த ஆட்டமா இது? இல்லையே! கோயம்புத்தூரில் இல்லாத வார்ப்பாலையா? அங்கே இல்லாத மெஷின் ஷாப்பா? ஆடத் தெரியாவிட்டாலும் செய்யத் தெரிந்தவனுக்குச் சோறு உண்டு.

ஆனால் நாணயத்துக்கு இரண்டு பக்கம். ஒரு 18 குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். கோடையில் நாளொன்றுக்குப் பல லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். வைகையில் தண்ணீர் வந்தால் வேடிக்கை பார்க்கப் பாலத்துக்கு ஓடுகிற ஊர் நம்மூர். குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்திருக்கும் தாய்மார்கள் முன்னால், நல்ல தண்ணீரைப் புல்லுக்கு ஊற்றுவது என்ன நியாயம்?

நிலத்தின் கதையையும் கேளுங்கள். சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயக் கிளப்புக்கு 99 வருடக் குத்தகையில் கொடுத்த அரசு நிலம் 160 ஏக்கர். பழைய வாடகை வருடத்துக்கு 614 ரூபாய் சொச்சம்! அந்த நிலத்துக்குள்தான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானமும் இருந்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து இடத்தைக் கையகப்படுத்தியது. விவகாரம் கோர்ட்டுக்கும் போனது. சட்டம் எதையும் சொல்லட்டும். 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று நடக்கும் ஆட்டத்தில் பொருளாதார லாபம் யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

ஜப்பானும் ஒரு பாடம். 1980-களில் அங்கே கிளப் உறுப்பினர் அட்டையையே ஷேர் மாதிரி வாங்கி விற்றார்கள். 90-களில் விலை சரிந்தது. பல கிளப்புகள் திவாலாயின. கைவிடப்பட்ட சில மைதானங்களில் பிற்பாடு சோலார் தகடுகளை நட்டார்கள்.

ஆகவே என் கட்சி இதுதான். கோல்ஃப் வரட்டும், தாராளமாக வரட்டும். மூன்று நிபந்தனையோடு வரட்டும்.

1. குடிநீர் ஒரு சொட்டுகூடத் தரக்கூடாது. சுத்திகரித்த கழிவுநீர் மட்டுமே. அமெரிக்காவின் வறண்ட அரிசோனாவில் இப்படிச் செய்கிறார்கள். அவனியாபுரத்தில் கழிவுநீரில் மாட்டுத் தீவனப்புல் வளர்த்த மதுரைக்கு இது புதுசும் இல்லை.

2. அரசு நிலம் என்றால் சந்தை மதிப்புக்கு வாடகை. வாரத்தில் சில மணி நேரமாவது உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி.

3. கேடிக்கும் புல் வெட்டுபவருக்கும் மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பராமரிப்பு வேலையில் அந்த வட்டார ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அப்ரண்டிஸ் இடம்.

இந்த மூன்றுக்கும் சம்மதிக்கிறவன் வந்தால் மாலை போட்டு வரவேற்போம். சம்மதிக்காதவன் "வளர்ச்சி, வளர்ச்சி" என்று எத்தனை நோட்டீஸ் அடித்தாலும் கேள்வி கேட்போம். படித்தவன் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்