நுழைவுத் தேர்வும் நம் தம்பி தங்கையரும்

லோஹேகாவில் ஒருவர் பேச்சை நடுவில் நிறுத்தினால், அடுத்த சொல்லைத் தேடுகிறார் என்று எண்ணிவிடாதீர்கள். தலைக்கு மேலே போர் விமானம் போகிறது என்று பொருள். ஓசை அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். ஆறு வயதில் தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வூருக்கு வந்த எனக்கு, இந்தப் பதினேழு ஆண்டுகளில் அது மூச்சு விடுவதுபோல் பழகிப் போயிற்று. துக்காராம் சுவாமிகளின் தாயார் பிறந்த ஊர் என்று மராட்டியர் அதைப் போற்றுவர். விமானப் படையில் பணிபுரிவோர், கட்டட வேலைக்கு வந்தோர், தோசை மாவு அரைத்து விற்போர் என நம்மவர் குடும்பங்களும் அங்கே உண்டு. அக்குடும்பங்களின் பிள்ளைகள் ஏழு பேர் ஞாயிறுதோறும் காலையில் எங்கள் மொட்டை மாடியில் வந்து அமர்கிறார்கள். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறவர்கள். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு அவர்களைத் தயார் செய்வது என் வேலை. யாரும் கொடுத்த வேலையன்று. நானே தலையில் ஏற்றிக்கொண்டது. இரண்டாண்டுப் பழக்கத்தில் எனக்குப் பட்டதை நம் சங்கத்து நண்பர்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன். சண்டைக்கு வருவோர் தாராளமாக வரலாம்.

ஏழு பேரில் ஒரு தம்பி. விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பாட்டி வீட்டில் வளர்ந்தவன். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பத்தாவது தேறி, பெற்றோரோடு சேர இங்கு வந்தான். அறிவியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியவன். இங்கே ஜூனியர் காலேஜில் புத்தகம் ஆங்கிலத்தில். ஆசிரியர் விளக்குவது பெரும்பாலும் மராத்தியில். இவன் சிந்திப்பது தமிழில். ஒரு ஞாயிறு நான் எளிய வினா ஒன்று கொடுத்தேன். ஒரு பொருள் வட்டப் பாதையில் சீராகச் சுற்றி வருகிறது, மாறாதிருப்பது எது? மற்ற ஆறு பேரும் சரியாகக் குறித்தனர். தொண்ணூற்றாறு வாங்கியவன் தவறினான்.

"வேகம் மாறும் அண்ணா. சார் வகுப்பில் இரண்டு தடவை சொன்னாரே" என்றான்.

"என்ன சொன்னார்?"

"வேக் பதல்தோ என்று சொன்னார்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது; பிறகு வரவில்லை. ஆசிரியர் சொன்னது முற்றிலும் சரி. மராத்திப் பாடநூலில் 'வேக்' என்றால் நம் திசைவேகம். நாம் வேகம் என்பதை அவர்கள் 'சால்' என்பார்கள். ஒரே வடசொல் இரண்டு மொழிகளில் இரண்டு பொருளில் வழங்குகிறது. வட்டத்தில் சுற்றும் பொருளின் திசை நொடிக்கு நொடி திரும்புவதால் திசைவேகம் மாறுகிறது; வேகம் மாறுவதில்லை. ஆசிரியர் சரியாகச் சொல்ல, பையன் சரியாகக் கேட்க, விடை மட்டும் தவறாயிற்று! இதில் யாரை நோவது?

இந்தத் தம்பி எழுதப் போவது மராட்டிய மாநிலத்தின் பொது நுழைவுத் தேர்வு. எம்.எச்.டி.-சி.இ.டி. என்று எல்லாரும் சொல்வது. பௌதிகம், இரசாயனம் இரண்டிலும் ஆங்கிலம், மராத்தி, உருது ஆகிய மொழிகளில் வினாத்தாள் கிடைக்கும். கணிதம் ஆங்கிலத்தில் மட்டுமே. தமிழ் இல்லை. அதில் குறை சொல்ல இடமில்லை. அது அவர்கள் மாநிலத் தேர்வு. அகில இந்தியத் தேர்வுகளுக்கு வருவோம். மருத்துவத்துக்கான நீட் தேர்வும், பொறியியலுக்கான ஜே.இ.இ. மெயின் தேர்வும் பதின்மூன்று மொழிகளில் நடக்கின்றன; தமிழும் அவற்றுள் ஒன்று. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி போன்ற இடங்களிலுள்ள மையங்களில்தான் கிடைக்கும். புனே மையத்தில் அமரும் தமிழ்ப் பிள்ளைக்கு அது கிடையாது. பிழைப்புக்காக ரயிலேறியவன் தன் மொழியை எந்த ஸ்டேஷனில் இறக்கி வைத்துவிட்டு வர வேண்டும் என்று விதிப் புத்தகம் சொல்லவில்லை.

'இந்தத் தேர்வே அநீதி. அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது அநீதிக்குத் துணை போவதாகாதா?' என்று முதுகலை நண்பர் ஒருவர் விடுதியில் கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளை அது பின்னுக்குத் தள்ளுகிறது என்று கண்டு, 2006இல் சட்டமன்றம் சட்டம் இயற்றி நீக்கியது. 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. பத்தாண்டு கழித்து நீட் வந்தது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 வாங்கியும் மருத்துவ இடம் கிடைக்காமல் 2017 செப்டம்பர் முதல் நாள் உயிரை விட்டாள். அப்போது நான் பள்ளி மாணவன். அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. ஆகவே தேர்வைக் குறை கூறுவோரோடு நானும் நிற்கிறேன். ஆனாலும், சட்டம் மாறும் வரை என் மாடியில் இருக்கும் தம்பி காத்திருக்க முடியாதே! அவனுக்குத் தேர்வு வருகிற கோடையில்.

நம் பக்கத்து வீட்டிலும் அழுக்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே எல்லாம் என்றிருந்த காலத்தில், நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பலவற்றில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தனர். அதைத் தடுக்கத்தான் 2017-18ஆம் கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் அரசு பொதுத் தேர்வு கொண்டு வந்தது. இராஜஸ்தானத்துக் கோட்டாவும் இம்மாநிலத்து லாத்தூரும் அதே உருப்போடுதலின் வேறு கிளைகள். மதிப்பெண்ணானாலும் நுழைவுத் தேர்வானாலும், பாடத்தைத் தாண்டிக் குறுக்கே ஓடுகிற பழக்கம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

நான் செய்த முதல் தவறும் அதுவே. முதலாண்டு பழைய வினாத்தாள்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து பிள்ளைகள்மேல் கொட்டினேன். மூன்று மாதத்தில் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டனர். அப்போதுதான் அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளில் வழங்கும் ஒரு முறையைப் பற்றிப் படித்தேன். அங்கே கல்லூரியில் சேர்ந்த மாணவனுக்குக் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு சோதனை வைத்து, எந்தப் படியிலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்வர். வாசலில் நின்று தடுக்கும் காவற்காரன் வேலை அதற்கு இல்லை; ஏறும் படியைக் காட்டுவதே வேலை. அதுவும் பலரைத் தேவையின்றிக் கீழ்ப்படியில் நிறுத்திவிடுகிறது என்று கண்டு, கலிபோர்னியாவில் 2017இல் சட்டம் இயற்றி, அங்குள்ள சமுதாயக் கல்லூரிகள் பள்ளி மதிப்பெண்ணுக்கே மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றனர். அது வேறு கதை. எனக்குப் பிடித்தது படியைக் காட்டும் அந்த எண்ணம்.

இரண்டாமாண்டு முதல் ஞாயிறன்று இருபது வினாக்கள் நானே எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வினா ஒன்றுகூட இல்லை. பின்னம், விகிதம், பத்தின் அடுக்குகள், மணிக்குக் கிலோமீட்டரை நொடிக்கு மீட்டராக்குதல், ஒரு வரைபடத்தின் சரிவைச் சொல்லுதல், ஆங்கிலத்தில் நான்கு வரி படித்து என்ன கேட்கிறார்கள் என்று தமிழில் எழுதுதல். விடைத்தாள்களைத் திருத்தியபோது நான் திகைத்துப் போனேன். மின்காந்தத் தூண்டலில் கணக்குப் போடுகிற பெண், பத்தின் மைனஸ் மூன்றாம் அடுக்கை மைனஸ் ஆறாம் அடுக்கால் வகுக்கத் தடுமாறுகிறாள். கட்டணம் வாங்கும் வகுப்பொன்றில் அவளுக்கு நாற்பது குறுக்கு வழிகள் சொல்லித் தந்திருந்தார்கள். அந்த ஒன்றைச் சொல்லவில்லை. விழுப்புரத்துத் தம்பியோ கணக்கில் இருபதில் பதினேழு. ஆங்கில வரிகளில் சுழியம். ஒரே மாடியில் இருந்த இருவருக்கும் வேறு வேறு படி. இருவரையும் ஒரே வினாத்தாளின் முன் உட்கார வைத்து ஓராண்டை வீணாக்கினேனே என்று வெட்கமாக இருந்தது.

அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி: தமிழ், மராத்தி, ஆங்கிலம். விசை, பல், ஃபோர்ஸ். முடுக்கம், த்வரண், ஆக்ஸிலரேஷன். உராய்வு, கர்ஷண், ஃபிரிக்ஷன். உந்தம், சம்வேக், மொமெண்டம். பிள்ளைகளே எழுதுகிறார்கள், மராத்திப் பத்தியை நிரப்பப் பக்கத்து வீட்டு மராத்திப் பிள்ளையும் வருகிறான். (நான் பௌதிகம் என்றே எழுதுவதைப் பழமை என்று நண்பர்கள் கேலி செய்வர். மராத்தியர் பௌதிக சாஸ்திரம் என்கிறார்கள். என் மாணவருக்கு அது ஒரு சொல் மிச்சம்!)

தேர்வின் நெளிவு சுளிவுகளைச் சொல்லித்தரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவை கொஞ்சந்தான், ஒரு மாலையில் முடிந்துவிடும். சி.இ.டி.யில் பௌதிகமும் இரசாயனமும் சேர்ந்து நூறு வினா, தொண்ணூறு நிமிடம். வினாவுக்கு 54 விநாடி. கணிதத்தில் ஐம்பது வினா, அதே தொண்ணூறு நிமிடம். ஒவ்வொன்றுக்கும் 108 விநாடி, இரண்டு மதிப்பெண். தவறான விடைக்குக் கழிவு இல்லையாதலால், ஒரு வினாவையும் விடாமல் எழுதுவதே அறிவு. நீட் தேர்வில் சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. அதைக் கேட்டே பிள்ளைகள் நடுங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியாகக் கால் மதிப்பெண் இலாபமே. இரண்டு விடைகள் தவறென்று உறுதியாகத் தெரிந்தால் ஒன்றரை. சராசரி என்பது பல தடவைக்குப் பொருந்துவது, தேர்வு நாள் ஒன்றுதான் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். சி.இ.டி.யில் ஐந்தில் ஒரு பங்கு வினா பதினொன்றாம் வகுப்பிலிருந்து வரும் என்பதையும் பல வீடுகளில் அறியார்.

பெற்றோருக்கும் ஒரு மாலை ஒதுக்க வேண்டும். சென்ற ஆண்டு ஓர் அம்மையார், மகள் 88 வாங்கிவிட்டாள் என்று தெரு முழுவதும் இனிப்பு வழங்கினார். அது மதிப்பெண் அன்று, பெர்சன்டைல். நூறு பேரில் பன்னிரண்டு பேர் அவளுக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று பொருள். மூன்று இலட்சம் பேர் எழுதினால் முப்பத்தாறாயிரம் பேர் முன்னால். இதை அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. நாவெழாதது தவறு என்று பிறகு புரிந்தது. கல்லூரிப் பட்டியல் வந்த அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

தாள்களின் தொல்லை தனி. பத்தாவதை வேறு மாநிலத்தில் முடித்தவன் இங்கே மாநில மாணவன் என்று எளிதில் ஏற்கப்படுவதில்லை. பொறியியலில், தாயோ தந்தையோ டொமிசைல் சான்று பெற்றிருந்தால் வழியுண்டு. அதற்குப் பதினைந்து ஆண்டு இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். விழுப்புரத்துத் தம்பியின் தந்தை பதினாறு ஆண்டாக இந்நகரத்தில் கம்பி கட்டுகிறார். அவர் கட்டிய கட்டடங்கள் நிற்கின்றன. அவர் வாழ்ந்ததற்குச் சான்று இல்லை. மின்சார ரசீதெல்லாம் வீட்டுக்காரர் பெயரில். மூன்று மாதமாக அதற்கு அலைந்து கொண்டிருக்கிறோம். இதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கியிருக்க வேண்டும். எந்த வினாத்தாளிலும் இந்த வினா வருவதில்லை.

சங்கத்துக்கு வருகிறேன். பொங்கல் விழாவுக்கு நாம் இரண்டு மாதம் உழைக்கிறோம். பட்டிமன்றத் தலைப்புக்கு மூன்று கூட்டம். நானும் சேர்ந்துதான், கரும்பு வாங்கப் போனவன் நானே. 'நமது சங்கம் மொழிக்கும் கலைக்கும் உரியது. டியூஷன் நடத்த அன்று' என்று சொல்லப்பட்டது. நண்பர்களே, வேகம் என்ற ஒரு சொல்லால் ஒரு பிள்ளை மதிப்பெண் இழக்கிறான் என்றால், அதைவிட மொழிக்குரிய வேலை எது? அந்த மூன்று பத்தி நோட்டை நாம் இருபது பேர் உட்கார்ந்து எழுதினால் ஒரு மாதத்தில் முடித்து அச்சிடலாம். கட்கியிலும் கேம்ப்பிலும் இதே போன்ற பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கும் உதவும். நம்மில் பௌதிகம் படிப்போர் உண்டு, கணிதம் படிப்போர் உண்டு. மராத்தியில் தேர்ந்தவர் நால்வரை எனக்கே தெரியும்.

ஞாயிறு காலை எட்டு முதல் பத்து வரை. பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும், தொல்லைதான். மாடியில் பாய் இருக்கிறது, கரும்பலகை இருக்கிறது, அம்மாவின் இட்லியும் உண்டு. இரசாயனம் சொல்லித்தர ஆள் இல்லை. கரிம இரசாயனத்தை நானே ஒப்பேற்றி வருகிறேன். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.