அளந்து பாருங்கள் என்றவர்

வாவிக் கரையோர ஊரொன்றிலிருந்து ஒரு தம்பி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் இங்கு வேண்டாம். வாப்பா மௌத்தான பின் கடையைப் பொறுப்பேற்று மூன்று வருடம். அரிசி, பருப்பு, சீனி விற்கிறார். அறுவடைக் காலத்தில் படுவான்கரையிலிருந்து வரும் நெல்லையும் வாங்குகிறார். இப்போது "அந்தக் கடைத் தராசில் ஏதோ இருக்கிறது" என்று ஒரு கதை உலவுகிறதாம். தொடங்கியது யார் என்று தெரியவில்லை. இரண்டு மாதத்தில் வியாபாரம் பாதியாகிவிட்டது. வழமையாக வரும் விவசாயிகள் கடையைப் பார்த்தும் பாராதது போல் அப்பால் போகிறார்கள். "நான் ஒரு கிராம் கூடக் குறைத்ததில்லை. கதை கட்டியவனைத் தேடிப் பிடித்து வழக்குப் போடவா, கடையைப் பூட்டிவிட்டுக் கட்டாருக்குப் போகவா?" என்று கேட்கிறார்.

இரண்டும் இப்போதைக்கு வேண்டாம் தம்பி. முதலில் முத்தையா முரளிதரனைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள்.

அரிசிக் கடைக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் கேட்கக்கூடும். கள்ள வேலை செய்கிறான் என்று உலகத்தின் முன்னால் சொல்லப்பட்ட ஒருவர், அதே தொழிலில் இன்னும் பதினைந்து வருடம் நின்று அதன் உச்சிக்குப் போனார். சம்பந்தம் அதுதான்.

முரளியும் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளையே. 1972இல் கண்டியில் பிறந்தார். தந்தைக்குக் குண்டசாலைப் பக்கத்தில் பிஸ்கட் தொழிற்சாலை. 1977 கலவரத்தில் அவர்களுடைய வீடும் தொழிற்சாலையும் தாக்கப்பட்டன. தந்தை மீண்டும் எழுந்து தொழிலை நடத்தினார். எரிந்த கடைகளைப் பற்றி எமது பகுதி வாசகர்களுக்கு நான் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

1995 டிசம்பர் 26ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் மைதானத்தில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் பார்த்திருக்க, நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களுக்குள் ஏழு தடவை கையை நீட்டி "நோபோல்" என்றார். இவர் பந்தை வீசவில்லை, முழங்கையை மடக்கி எறிகிறார் என்பது அதன் பொருள். பத்து நாள் கழித்து பிறிஸ்பேனில் ரொஸ் எமர்சன் என்ற நடுவரும் அதையே செய்தார். முரளி தன் வழமையான பந்தை விட்டு லெக் ஸ்பின் போட்டுப் பார்த்தார். லெக் ஸ்பின்னை எறிவது என்பது அநேகமாக முடியாத காரியம். அதற்கும் நோபோல்! ஒருவர் மீது சந்தேகம் விழுந்துவிட்டால் அவர் நேராக நடந்தாலும் கோணலாகத்தான் தெரியும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்வோம்? சத்தியம் செய்வோம். சாட்சிக்கு ஆள் தேடுவோம். முரளி தன் கையைக் கொண்டுபோய் ஆய்வுகூடத்தில் வைத்தார். 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் பல கெமராக்களை வைத்து அவருடைய கையை அளந்தார்கள். பிறவியிலேயே அந்த முழங்கை முழுதாக நிமிராது, அதனால் எறிவது போல் கண்ணுக்குத் தோன்றுகிறது என்று முடிவு வந்தது. 1999இல் அடிலெய்டில் எமர்சன் மறுபடியும் நோபோல் சொன்னபோது தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியை மைதான எல்லைவரை கூட்டிக்கொண்டு போய்விட்டார். (தன்னிடம் வேலை செய்பவனுக்காக இப்படி நிற்கும் முதலாளிகள் நமது ஊர்களில் எத்தனை பேர்?) முரளி மறுபடியும் அளக்கக் கொடுத்தார்.

2004 ஜூலையில் இங்கிலாந்துத் தொலைக்காட்சி ஒன்றுக்காகச் செய்தது இன்னும் விசேஷம். இரும்புக் கம்பிகளைக் கெட்டியான பிசினில் பதித்து, அவருடைய வலக்கையின் அச்சுக்கே ஒரு கவசம் செய்தார்கள். ஏறக்குறைய 46 சென்ரிமீற்றர் நீளம், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பாரம். அதைப் பூட்டிக்கொண்டால் கையை மடக்கவே முடியாது. அதனுடன் தன் மூன்று வகைப் பந்துகளையும் வீசிக் காட்டினார். பந்து அப்படியே திரும்பியது.

ஆனால் தம்பி, நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இந்தக் கவசத்தைப் பற்றி அல்ல. அதே வருடம் சில மாதங்களுக்கு முன் அவருடைய "தூஸ்ரா" என்ற பந்தைப் பேர்த்தில் அளந்தார்கள். முழங்கை 14 பாகை நிமிர்ந்தது. பயிற்சி எடுத்து 10.2 ஆகக் குறைத்தார். சுழற்பந்து வீச்சாளருக்கு அன்றிருந்த எல்லையோ 5 பாகை. அந்தப் பந்தை வீசவேண்டாம் என்று இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் அவரிடம் சொன்னது. அளக்கக் கொடுப்பதில் இந்த ஆபத்தும் இருக்கிறது. அளவு உங்களுக்குச் சாதகமாகவே வரும் என்று எந்தக் கருவியும் வாக்குக் கொடுப்பதில்லை. பின்னர் மற்றப் பந்துவீச்சாளர்களையும் அளந்தபோது, பெரும்பாலானோரின் முழங்கை ஓரளவு நிமிர்வது தெரியவந்தது. 2005இல் எல்லோருக்கும் பொதுவாக 15 பாகை என்று விதி மாறியது.

அவருக்குக் கோபமே வரவில்லை என்று எண்ணவேண்டாம். அவுஸ்திரேலியப் பிரதமரே அவரை எறிபவர் என்று சொன்ன 2004இல் அந்த நாட்டுப் பயணத்தைத் தவிர்த்தார். அது சரியா பிழையா என்பதில் எனக்கு இன்றும் இரண்டு மனம்தான். அந்த வருடம் முடியுமுன் டிசம்பர் 26இல் கடல் வந்தது. நாவலடியிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் நாம் இழந்தவர்களை எண்ணி முடிக்க இயலாது. அதற்குள் 2005 ஜனவரி 10ஆம் திகதி சுனாமி நிதிக்காக ஒரு போட்டி நடந்தது, அதே மெல்பேர்ண் மைதானத்தில். முரளி அங்கே போய் விளையாடினார்.

2010 ஜூலையில் 792 விக்கெட்டுகளுடன் இருந்தபோது, காலியில் நடக்கும் அடுத்த டெஸ்டுடன் விலகுகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்தார். எட்டு எடுத்தார். எட்டாவது, இந்திய அணியின் கடைசி விக்கெட்டாக வந்தது. இன்று பானத் தொழிலில் இருக்கிறார்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். "ஒரு கிராம் கூடக் குறைத்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் தராசைச் சோதித்துப் பார்த்தேன் என்று எங்கும் எழுதவில்லை. நீங்கள் குறைக்காவிட்டாலும் தராசு குறைத்திருக்கலாம் அல்லவா? எங்கள் வாப்பா காலத்து இரும்புப் படிக்கல்லின் அடியில் ஈயம் ஊற்றி, அதில்தான் முத்திரை குத்துவார்கள். உப்புக் காற்றில் அந்தக் கல்லே துருப்பிடிக்கும். இன்றைய மின் தராசும் தூசியிலும் சரிவான மேசையிலும் பிழை காட்டும். அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைப் பற்றி ஸூறதுல் முதஃப்பிபீன் என்று தனியொரு அத்தியாயமே இருக்கும் வேதத்தை ஓதுகிறவர்கள் நாம். நோக்கம் சுத்தமாக இருந்தால் போதும் என்று தராசைப் பாராமல் விடலாமா?

ஆகவே முத்திரையிடும் நாளுக்குக் காத்திராமல் அளவீட்டுத் திணைக்களத்தாரிடம் நீங்களாகவே தராசைக் கொண்டு போங்கள். குறை இருந்தால், கொப்பியில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் அந்தக் குறையைக் கொடுத்துத் தீருங்கள். அந்தச் செலவு உங்களுக்கு வலிக்கத்தான் செய்யும். குறை இல்லாவிட்டால், தராசின் முகத்தை வாங்குபவர் பக்கம் திருப்பி, முத்திரையிட்ட ஐந்து கிலோப் படிக்கல் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். அப்பால் போகும் அந்த விவசாயிகளில் வயதானவர் ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு தேத்தண்ணீர் கொடுத்து, கல்லை அவர் கையாலேயே தராசில் வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தராசில் இப்போதிருக்கும் முத்திரை எந்த வருடத்தது? அதைப் பார்த்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.